காத்திருப்புக்கும் கூலி உண்டு

விடியற்காலை மூன்றரைக்கு லான்காஸ்டர் பக்கம்
நாலு பண்ணை வாசலில் ஹார்ன் அடிக்காமல் நிற்பேன்.
ஹார்ன் எதற்கு? என் வேனின் சைலன்சர்
போன மார்ச்சிலேயே ஊரை எழுப்பக் கற்றுக்கொண்டது.
ஒவ்வொரு வாசலிலும் ஒரு டார்ச் வெளிச்சம்,
அதன் பின்னால் வெள்ளைத் தொப்பி,
அதன் பின்னால் ஈஸ்ட் வாசனை.
பதினொரு பேர். அவர்களுக்குள் பேசும் ஜெர்மனில்
எனக்குப் புரிவது ஒரே சொல், டுவைட், என் பெயர்.
அதைச் சொன்னதும் ஏன் சிரிக்கிறார்கள் என்று
ஆறு வருடமாக நான் கேட்டதில்லை.

ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. க்ரெஸ்லி சந்தை.
அறுபத்தெட்டு வருடமாக ஒரே குடும்பம்,
அதில் இருபது வருடமாக ஒரே சண்டை.
அண்ணன் மகள் டார்லீன், தம்பி மகன் ராஸ்.
தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள்.
இந்தப் பக்கத்து வாடகை அவளுக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு.
கூரை ஒழுகுவது சரியாகக் கோட்டின் மேல்.
வாளி யார் வைப்பது என்று வக்கீல்வரை போயிற்று.

கிழக்குக் கொட்டகையில் சாப்பாடு.
அங்கே எல்லாம் கரண்டில்தான் ஓடும்.
கட்டடம் க்ரெஸ்லியுடையது, பாவமும் அவர்கள் மீட்டரில்.
நாற்பது கோழி கம்பியில் சுற்றும்.
மேற்கே, உலகம் வைத்துக்கொள்ள விரும்பாத மற்றதெல்லாம்:
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டை,
யாரோ ஒருவரின் பல்செட், டப்பாவோடு.

காத்திருக்க எனக்கு மணிக்குப் பன்னிரண்டு டாலர்.
பாதியை இங்கேயே தொலைத்துவிடுவேன்.
கதவுக் குமிழ் வாங்குவேன். பித்தளை, பீங்கான்.
வீட்டில் இருப்பதே மூன்று கதவு,
அதில் ஒன்று மூடாது.

போன வெள்ளி, பத்தரை இருக்கும்,
ஊறுகாய்க் கடை சலோமா
ஒரு பையை என் கையில் திணித்தாள்.
"வித்துக் குடுங்க. வந்த விலைக்கு."
பைக்குள் துண்டு. துண்டுக்குள் கேமரா.
ஃபிலிம் போடுகிற பழைய வகை.
மேலே குட்டி ஜன்னலில் இருபத்திரண்டு.
அவர்கள் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது
சுற்றுலாப் பேருந்தில் வருகிற குழந்தைக்கும் தெரியும்.
இருபத்திரண்டு தடவை
அவள் எதைப் பார்த்தாளோ,
அல்லது யார் அவளைப் பார்த்தார்களோ.

டார்லீனுக்கு அன்று இன்னும் போணி ஆகவில்லை.
நான் இருபது என்றேன், அவள் பத்து என்றாள்.
இரண்டும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு
பதினாலில் உட்கார்ந்தன.
நான் வாயைத் திறப்பதற்குள்
நகத்தால் பின்மூடியை நெம்பிவிட்டாள்.
"ஐயோ, உள்ள ரோல் இருக்கே."
போனது போனதுதான் என்று
நாக்கை இழுப்பதுபோல் அதை வெளியே இழுத்துப் போட்டாள்.
தகர ஓட்டை வழியாக வந்த வெயில்
நீளத்துக்கும் அதை நக்கியது.
மனசு கேட்காமல் பதினைந்தாக்கினாள்.
சுருளை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
ஏன் என்று தெரியாமல், ஒரு குமிழின் பக்கத்தில்.

சலோமா ஈரக்கையைத் துடைத்துவிட்டு
மூன்று ஐந்து டாலர் தாளை இரண்டு முறை எண்ணினாள்.
"திறந்து பார்த்தாங்களா?"
பொய் சொல்ல நேரம் இருந்தது.
"ஆமா."
தலையசைத்தாள். பீட்ரூட் தண்ணியில் ஊறிய முட்டை
ஆறு கேட்டவளுக்கு எட்டு போட்டாள்.
அந்தம்மா கொசுறு என்று நினைத்திருப்பாள்.

திரும்பும்போது எல்லோரும் தூங்கினார்கள்.
எப்போதும் மூன்றாம் வரிசை ஜன்னலோரம் இருப்பவள்
அன்று எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள்.
பாலம் வரும்வரை வைப்பர் மட்டும் பேசியது.
பாலத்தின் நடுவே சொன்னாள்:
"அதுல ஒண்ணு வெறும் பனி. வேலிகூட இல்ல."
அவ்வளவுதான்.

மிச்சம் இருபத்தொன்று.
அவள் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்து
கொஞ்ச நேரம் இருந்தேன்,
டார்ச் வெளிச்சம் களஞ்சியத்தின் பின்னால் போய்
மறையும்வரை.
அந்த நேரத்தைக் கூலியில் சேர்க்கவில்லை.